யாரென்றே தெரியாத ஸ்டூடியோ போட்டோ: எந்தக் காலம், எப்படிச் சுத்தம் செய்வது, ஏன் கண்ணை எடுக்க முடியவில்லை?

1. பரண்பெட்டி

வணக்கம். ஒரே ஒரு படத்தைப் பற்றிய கேள்விகள்.

ஹாஃப் பிளேட் (4¾×6½ இஞ்ச்) அளவுப் படம், கெட்டி அட்டையில் ஒட்டியது. அட்டை 8×10 இஞ்ச், படம் அதன் இடது ஓரத்தை ஒட்டி இருக்கிறது. கோட்டுப் போட்ட ஆண் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். நாற்காலி முதுகில் கை வைத்தபடி ஒரு பெண் நிற்கிறார். நடுவில் ஸ்டூல்மேல் இரண்டு வயதுக் குழந்தை. அதன் முகம் மட்டும் கலங்கியிருக்கிறது. பின்னால் மாளிகைப் படிக்கட்டு வரைந்த திரை. திரை தரையில் முடியும் இடத்தில் கோரைப்பாயும் ஒரு வாளியின் விளிம்பும் தெரிகின்றன. பெண்ணுக்கு வெள்ளைப் புடவை, நெற்றியில் கறுப்பாகப் பெரிய பொட்டு. வலது கீழ் மூலையில் வெள்ளை எழுத்தில் 2317. அட்டைக்குப் பின்னால் ரப்பர் ஸ்டாம்ப் அழிந்து "...னை" என்ற கடைசி எழுத்து மட்டும் மிச்சம், பழைய கொம்பு போட்ட எழுத்து.

பழுது: ஓரமெல்லாம் நீலமாய்ப் பளபளக்கிறது. மேல் இடது மூலை ஃபிரேம் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டது. முகத்துக்கு மேலே பழுப்புத் திட்டு.

எந்தக் காலம்? எதைக் கொண்டு துடைப்பது? பாயையும் வாளியையும் வெட்டிவிட்டு, ஏஐ கலர் கொடுத்து, முகங்களை மட்டும் பெரிதாக்கி மாட்டலாமா? யாரென்றே தெரியாத மூன்று பேர். இருந்தாலும் பார்ப்பவர்கள் எல்லாரும் நின்று பார்க்கிறார்கள். அது ஏன் என்றும் யாராவது சொல்லுங்கள்.

2. இருட்டறை

எதைக் கொண்டும் துடைக்க வேண்டாம். அந்தக் கண்ணாடியையும் இழுக்க வேண்டாம். மற்றதெல்லாம் பிறகு.

ஓரத்து நீலப் பளபளப்பு அழுக்கில்லை, வெள்ளி. ஈரமும் காற்றிலுள்ள வாயுக்களும் பட்டுப் படத்திலுள்ள வெள்ளி கரைந்து, மேற்பரப்புக்கு நகர்ந்து, அங்கே மறுபடி வெள்ளியாகப் படிந்திருக்கிறது. பஞ்சால் தேய்த்தால் பளபளப்பு போகும், கூடவே படமும் போகும். அது அப்படியே இருக்கட்டும். ஒரு வகையில் அது நல்ல சேதிதான், ஜெலட்டின் சில்வர் பிரிண்ட், அதாவது ஜெலட்டின் பூச்சுக்குள் வெள்ளியால் ஆன படம் என்று காட்டிக்கொடுக்கிறது. உறுதி செய்ய 10 மடங்கு பெரிதாக்கும் லூப் (உருப்பெருக்கி) வைத்து வெளுத்த பகுதியைப் பாருங்கள். தாளின் நார் தெரியாமல் வழவழவென்று வெள்ளைப் பூச்சு தெரிந்தால் பரைட்டா தாள். நார் தெரிந்து, வெள்ளையெல்லாம் மஞ்சளோடி, கறுப்பு கருஞ்சிவப்பாக இருந்தால் ஆல்புமென், அதாவது முட்டை வெண்கருத் தாள். அது இன்னும் பழசு.

பழுப்புத் திட்டு ஸ்டூடியோக்காரர் கையில் நேர்ந்த பிழை. ஹைப்போ, அதாவது படத்தை நிலைக்கச் செய்யும் கரைசல், பழசானால் வெள்ளி உப்பு முழுதாகக் கரையாமல் தாளிலேயே தங்கி, ஆண்டுக்கணக்கில் பழுப்பாகும். ஹைப்போ சரியாக இருந்து கழுவியது போதாமல் போனால் வேறு மாதிரி: கந்தகம் வெள்ளியைத் தின்று, படமே மஞ்சளாய் வெளுக்கும். அந்தத் தாளுக்கு ஓடும் தண்ணீரில் ஒரு மணி நேரம் வேண்டும். கல்யாண சீசனில் பத்து நிமிடத்தில் எடுத்துக் கிளிப்பில் மாட்டியிருப்பார்கள். இன்றைக்கு எதைச் செய்தும் அதைத் திருப்ப முடியாது. ஸ்கேனில்தான் குறைக்கலாம்.

2317 நெகடிவ் எண். நெகடிவில் மையால் எழுதினால் பிரிண்டில் வெள்ளையாக விழும், ஊசியால் கீறினால் கறுப்பாக விழும். நெகடிவின் மருந்துப் பக்கத்தில், அதாவது படம் பதியும் பூச்சு உள்ள பக்கத்தில், எழுதுவதானால் இடவலம் மாற்றி எழுத வேண்டும். பழகாத கை எழுதினால் எண் மட்டும் கண்ணாடியில் பார்ப்பதுபோல் திரும்பியிருக்கும்.

3. கொண்டல்

அந்தப் புடவை வெள்ளை என்று எப்படி முடிவு செய்தீர்கள்?

பழைய பிளேட்டுகளுக்கு, அதாவது கண்ணாடி நெகடிவுகளுக்கு, கண் கிடையாது என்பார்கள். முதல் வகை பிளேட் நீலத்தை மட்டும் பார்க்கும். பிறகு வந்த ஆர்த்தோகுரோமாடிக் பச்சையையும் கொஞ்சம் மஞ்சளையும் பார்த்தது, சிவப்பைப் பார்க்கவில்லை. எல்லா நிறத்தையும் பார்க்கும் பான்குரோமாடிக் 1906இலேயே விற்பனைக்கு வந்தாலும், சிவப்பு விளக்கில் வேலை செய்யலாம் என்ற வசதிக்காக ஸ்டூடியோக்காரர்கள் ஆர்த்தோவை நெடுங்காலம் விடவில்லை.

விளைவு: வானநீலப் புடவை வெள்ளையாக விழும். அரக்குப் புடவை கறுப்பாக விழும். குங்குமம் கரிப்பொட்டாக விழும். உங்கள் படத்தில் இருப்பது அதுதான். மஞ்சள் பூசிக் குளித்த முகம், நீலம் மட்டும் பார்க்கும் பிளேட்டில் இருக்கும் நிறத்தைவிடக் கறுத்து விழும். கத்தை கத்தையாகப் பவுடர் போட்டதற்கு அழகு மட்டும் காரணமில்லை. "வெள்ளைப் புடவை, ஆகவே கைம்பெண்" என்று எழுதப்பட்ட தலைப்புகளை எத்தனையோ தொகுப்பில் பார்க்கலாம். கழுத்தையும் நெற்றியையும் பார்க்காமல் எழுதியது.

4. ஒத்தக்கண்

பரண்பெட்டி தம்பி, இவர்கள் பயமுறுத்துவார்கள். ஒரிஜினல் பத்திரமாக இருக்கும்போது ஸ்கேன் காப்பியில் என்ன வேண்டுமானாலும் செய்யலாம். வீட்டுச் சுவரில் மாட்ட வாளி எதற்கு? இன்றைய பிள்ளைகளுக்குக் கறுப்புவெள்ளை என்றால் நூறு வருஷத் தூரம். கலர் போட்டால் பக்கத்தில் வருகிறார்கள். அக்காலத்திலும் கையால் கலர் பூசினார்களே, அது மட்டும் சரியா?

5. கொண்டல்

பூசினார்கள். ஆனால் பூசியவருக்குப் புடவையின் நிறம் தெரியும், வாடிக்கையாளர் கவுண்டரில் நின்று சொல்லியிருப்பார். ஏஐக்கு யாரும் சொல்லவில்லை. அது சாம்பல் அளவைப் பார்த்து ஊகிக்கிறது, அந்தச் சாம்பலே பொய் என்பதுதான் மேலே சொன்னது. குங்குமத்தைக் கறுப்பாகவே விடும், நீலப் புடவையை வெள்ளையாக்கும், தங்கத்தை ஈயமாக்கும். செய்தே ஆக வேண்டுமென்றால் கீழே "நிறம் ஊகம்" என்று எழுதி, கோப்பின் பெயரிலும் அதைச் சேருங்கள். இரண்டு முறை பகிர்ந்ததும் காப்பிதான் ஒரிஜினலாகிவிடும்.

"ஷார்ப்" ஆக்கும் செயலி இன்னும் மோசம். முகத்தைத் தெளிவாக்குவதில்லை, வேறொரு முகத்தை வரைந்து ஒட்டுகிறது. கண்ணிமையும் பல்வரிசையும் எங்கோ இருந்து வருபவை. குழந்தையின் கலங்கிய முகத்தில் அதைப் பிரயோகித்தால் கிடைப்பது அந்தக் குழந்தை இல்லை.

6. மாசிவீதி

காலக் கணக்குக்கு வருவோம். ஒரு சான்றை வைத்து ஆண்டு சொல்லக்கூடாது. ஒவ்வொன்றும் "இதற்கு முன் இல்லை" அல்லது "இதற்குப் பின் இல்லை" என்று ஒரு பக்கம்தான் அடைக்கும்.

எழுத்து: கொம்பு போட்ட "னை" 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய வடிவம். ஆனால் ரப்பர் ஸ்டாம்பும் பித்தளை அச்சும் ஒரு முறை செய்தால் இருபது வருஷம் ஓடும். ஆகவே பலவீனமான சான்று. "னை" என்று முடிவதால் சென்னை என்றும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

முகவரி முழுதாகக் கிடைக்கும் படங்களில் ஆறு இலக்க பின்கோடு இருந்தால் 1972 ஆகஸ்ட் 15க்கு முன் இல்லை. விலை அணாவில் இருந்தால் பெரும்பாலும் 1957 ஏப்ரலுக்கு முன். "மெட்ராஸ் ஸ்டேட்" என்றிருந்தால் 1969 பெயர் மாற்றத்துக்கு முந்தைய ஸ்டாம்ப். தாளுக்குப் பின்னால் கம்பெனிப் பெயர் அச்சாகியிருந்தால் இன்னும் நல்லது. அக்ஃபாவும் கெவார்ட்டும் 1964இல்தான் இணைந்தன, இரட்டைப் பெயர் இருந்தால் அதற்குப் பிறகு. ஊட்டி இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸின் "இந்து" பெயர் இருந்தால் அறுபதுகளின் கடைசிக்கு முன் போகாது. உங்கள் படம் அட்டையில் ஒட்டியது, தாளின் முதுகைப் பார்க்க வழியில்லை.

அட்டை அளவு: 2½×4 இஞ்ச் விசிட்டிங் கார்டு அட்டைகள் 1850களின் கடைசியிலிருந்து, 4¼×6½ காபினெட் அட்டைகள் 1866 முதல். மேலைநாட்டுக் கையேடுகள் அட்டையின் மூலை வளைவு, தங்க ஓரம் என்று ஐந்தாண்டுத் துல்லியத்தில் பட்டியல் போடும். அதை அப்படியே தஞ்சாவூருக்கும் திருநெல்வேலிக்கும் போடாதீர்கள். கப்பலில் வந்த அட்டைக்கட்டு தீரும்வரை இங்கே ஓட்டினார்கள்.

செய்ய வேண்டிய சோதனை ஒன்று: 365 நானோமீட்டர் யூவி டார்ச். நோட்டுப் பார்க்கும் 395 டார்ச் ஊதா வெளிச்சத்தையே அதிகம் கக்கும், ஏமாற்றும். அறையை இருட்டாக்கி, பக்கத்தில் இன்றைய ஜெராக்ஸ் தாள் ஒன்றை வைத்து, இரண்டின்மேலும் அடியுங்கள். ஜெராக்ஸ் தாள் நீலமாய்ச் சுடரும். படத்தின் வெள்ளைப் பகுதியும் சுடர்ந்தால் தாளில் வெளுப்பூட்டி இருக்கிறது, 1950களுக்கு முன் போகாது. சுடராவிட்டால் அதற்கு முன்பாக இருக்க வாய்ப்பு அதிகம், ஆனால் உறுதியில்லை. பசைக்கறையும் சோப்புக்கறையும்கூடச் சுடரும், ஆகவே திட்டுத்திட்டாகத் தெரிந்தால் கணக்கில் எடுக்க வேண்டாம். கண்ணில் படாமல் பாருங்கள்.

ஜாக்கெட்டின் கை எப்படி?

7. பரண்பெட்டி

டார்ச் வாங்கிப் பார்த்தாயிற்று. ஜெராக்ஸ் தாள் எரிகிறது, படம் செத்தது மாதிரி கிடக்கிறது. லூப்பில் நார் தெரியவில்லை. ஜாக்கெட் முழங்கை வரை, தோளில் புஸ்ஸென்று உப்பியிருக்கிறது, ஓரத்தில் லேஸ்.

8. மாசிவீதி

பரைட்டா தாள், வெளுப்பூட்டி இல்லை, ஆர்த்தோ நிறம், பஃப் கை ஜாக்கெட். பஃப் கை முன்னும் பின்னும் வந்துபோன மோஸ்தர், அதனால் தனியாக அதை நம்ப மாட்டேன். சேர்த்துப் பார்த்தால் 1930 முதல் 1945க்குள் என்று பென்சிலால் எழுதி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறியும் போடுவேன். அதைவிடக் குறுக்க இந்தச் சான்றுகள் போதாது.

இன்னொன்று, படம் இடவலம் மாறி அடிக்கப்பட்டதா என்று பாருங்கள். பிளேட்டைப் புறம் மாற்றிப் போட்டு அடித்த படங்கள் நிறைய. கோட்டின் மேல்பை இடது மார்பில் இருக்க வேண்டும், புடவைத் தலைப்பு இடது தோளில். மடிசாரில் மட்டும் தோள் கணக்கு செல்லாது, அது வீட்டுக்கு வீடு மாறும்.

9. காகிதப்பூச்சி

கண்ணாடி விஷயம் சொல்கிறேன், அதுதான் அவசரம்.

ஜெலட்டின் ஈரத்தில் இளகும். படம் கண்ணாடியைத் தொட்டபடி ஃபிரேம் போட்டால் மழைக்காலத்தில் இளகி, வெயிலில் காய்ந்து, கண்ணாடியோடு ஒன்றாகிவிடும். இழுத்தால் மருந்துப் படலம் கண்ணாடியிலேயே தங்கும், கையில் வெறும் தாள் வரும். யூடியூப்பில் தண்ணீரில் ஊறப்போட்டுக் கழற்றிக் காட்டுகிறார்கள். சில படத்துக்கு அது பலிக்கும். ஆனால் பூஞ்சை தின்ற ஜெலட்டின் தண்ணீரில் கரைந்தே போகும். கை வண்ணம் பூசிய படமும் அட்டையில் ஒட்டிய படமும் தண்ணீருக்கே ஆகாது. உங்களுடையது அட்டைப் படம். ஆகவே ஃபிரேமின் பின்பலகையையும் ஆணிகளையும் மட்டும் எடுத்துவிட்டு, கண்ணாடியையும் படத்தையும் ஒரே பொருளாக நினைத்து வைத்துக்கொள்ளுங்கள்.

பின்பலகையைப் பிரிக்கும்போது படம் கீழ்நோக்கி இருக்கட்டும். கரையான் மண் இருந்தால் மென்மையான உலர் பிரஷ், நடுவிலிருந்து வெளியே. பூஞ்சை தூள்தூளாக இருந்தால் முகமூடி போட்டு வெளியில் வைத்துச் செய்யுங்கள். கொலின், ஸ்பிரிட், வெங்காயம், ரொட்டித் துண்டு எதுவும் கிட்டே வரக்கூடாது.

பொதுவாக ஒன்று. மாலை போட்ட படங்கள் ஏன் கீழ்ப்பாதியிலேயே கெடுகின்றன என்றால், கண்ணாடியில் வைக்கும் சந்தனமும் குங்குமமும் ஈரமாக வழிந்து, ஃபிரேம் இடுக்கில் இறங்கி, படத்தின் அடியோரத்தில் உறிஞ்சப்படும். பொட்டு வைக்க வேண்டுமானால் ஒரிஜினலைப் பெட்டியில் வைத்துவிட்டு காப்பிக்கு வையுங்கள்.

10. உப்பளம்

இடையில் ஒரு சந்தேகம். கண்ணாடியோடு சேர்த்து ஸ்கேன் செய்தால் மங்கலாகத்தான் வருகிறது. ஸ்கேனரில் கோளாறா?

11. ஒத்தக்கண்

கோளாறில்லை, வகை அப்படி. யூஎஸ்பி வயரிலேயே மின்சாரம் எடுக்கும் மெல்லிய ஸ்கேனர்கள் சிஐஎஸ் வகை. அவற்றின் கண் கண்ணாடிப் பரப்புக்கு ஒட்டினாற்போல்தான் பார்க்கும், 2 மி.மீ. தள்ளினாலே மங்கும். தனி அடாப்டர் உள்ள தடித்த சிசிடி ஸ்கேனர் சில மி.மீ. ஆழம் வரை தெளிவாக எடுக்கும்.

அமைப்பு: 600 டிபிஐ, கறுப்புவெள்ளைப் படமானாலும் கலரில், சேனலுக்கு 16 பிட், டிஃப் கோப்பு. கலரில் ஏன் என்றால் பழுப்புத் திட்டு ஒரு சேனலில் அடர்த்தியாகவும் இன்னொன்றில் லேசாகவும் விழும். லேசான சேனலை அடிப்படையாக எடுத்தால் கறை பாதி போய்விடும், ரீடச் வேலை மிச்சம். 8×10 அட்டை முழுதும் 600இல் 4800×6000 புள்ளி, 16 பிட்டில் சுமார் 173 எம்பி. இடம் இல்லையென்றால் 8 பிட்டில் 86. ஆட்டோ கலர், ஷார்ப், தூசி நீக்கம் எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். அகச்சிவப்பு தூசி நீக்கம் வெள்ளிப் படத்தையே தூசி என்று நினைக்கும்.

பாஸ்போர்ட், ஸ்டாம்ப் சைஸ் என்றால் 1200. எழுபது எண்பதுகளின் சில்க் தாள் படங்களில் புள்ளிப்புள்ளியாக ஒளி தெறிக்கும். ஒரு முறை நேராகவும் ஒரு முறை 180 டிகிரி திருப்பியும் ஸ்கேன் செய்து, இரண்டையும் பொருத்தி 50 சதவீதத்தில் கலந்தால் தெறிப்பு பெருமளவு அடங்கும்.

ஸ்கேனர் இல்லாவிட்டால் கேமரா. படம் தரையில், கேமரா நேர் மேலே, இரண்டு ஒரே மாதிரி விளக்கு இரு பக்கமும் 45 டிகிரியில். கேமரா சாயவில்லை என்பதற்குச் சோதனை: படம் இருக்கும் இடத்தில் சின்னக் கண்ணாடி ஒன்றைப் படுக்க வையுங்கள். வியூஃபைண்டரின் நட்டநடுவில் லென்ஸே தெரிய வேண்டும். ஐஎஸ்ஓ 100, எஃப் 8. கண்ணாடியோடு ஒட்டிய படத்துக்கு, லென்ஸ் மட்டும் நுழைய ஓட்டை போட்ட கறுப்புத் துணியைக் கேமராவுக்கு முன் கட்டினால் பிம்பம் விழாது. போனில் எடுத்தால் அகலக் கோண லென்ஸ் வேண்டாம், 2x போட்டு விலகி நில்லுங்கள். கிட்ட போனால் ஓரங்கள் கோணலாகலாம்.

12. உப்பளம்

அப்படியே கண்ணாடி நெகடிவுக்கும் சொல்லிவிடுங்கள்.

13. இருட்டறை

இரண்டு விரலால் ஓரத்தை மட்டும் பிடியுங்கள். சாய்த்துப் பார்த்தால் மங்கலாகத் தெரிவது மருந்துப் பக்கம், அதைத் தொடாதீர்கள். பளபளக்கும் பக்கத்தை லேசாக ஈரமான துணியால் துடைக்கலாம், ஓரத்திலிருந்து 1 செ.மீ. விட்டு. ஒன்றின்மேல் ஒன்று அடுக்கக்கூடாது, தட்டு ஸ்டாண்டில் தட்டு நிறுத்துவதுபோல் நீளப்பக்கம் கீழே இருக்க நிறுத்துங்கள். இடையே நாலு மடிப்புக் காகித உறை.

படமெடுக்க, டேப்லெட் திரையில் முழு வெள்ளை வைத்து, அதற்கு 3 செ.மீ. மேலே வெறும் கண்ணாடி நிறுத்தி, அதில் நெகடிவை மருந்துப் பக்கம் மேலாக வையுங்கள். இடைவெளி விடாவிட்டால் திரையின் புள்ளிகள் தெரியும். பிறகு கம்ப்யூட்டரில் இடவலம் திருப்பி, கறுப்புவெள்ளை மாற்றினால் ஆயிற்று. அப்போதுதான் டச்சிங் தெரியும். மருந்துப் பக்கத்தில் வார்னிஷ் தடவி, ஊசி முனைப் பென்சிலால் கண்ணுக்குக் கீழ்ச் சுருக்கத்தையும் அம்மைத் தழும்பையும் நிரப்பியிருப்பார்கள். நெகடிவில் பென்சில் பட்ட இடம் பிரிண்டில் வெளுக்கும். ஒரு முகத்துக்கு இருபது நிமிடம்கூட ஆகும். கிராமத்து ஸ்டூடியோ என்று இளப்பமாகப் பேசுகிறவர்கள் ஒரு பிளேட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கலாம்.

ஃபிலிம் நெகடிவ் இருந்தால் மோந்து பாருங்கள். புளித்த காடி வாசனை என்றால் அது அசிடேட் வகை ஃபிலிம், அழுகுகிறது, மற்றவற்றிலிருந்து பிரித்து வையுங்கள். 1950களுக்கு முந்தைய ஃபிலிம், ஓரத்தில் "சேஃப்டி" என்ற எழுத்து இல்லை, பழுத்துப் பிசுபிசுக்கிறது என்றால் நைட்ரேட் வகை ஃபிலிமாக இருக்கலாம். தீப்பற்றும். பரணில் வைக்கக்கூடாது.

14. பரண்பெட்டி

மூன்றாவது கேள்விக்கு யாரும் வரவில்லையே. ஏன் நின்று பார்க்கிறார்கள்?

15. மாசிவீதி

அதற்கும் படத்திலேயே பதில் இருக்கிறது, நீங்கள் வெட்ட நினைக்கும் இடத்தில்.

ஒப்பிட ஒன்று சொல்கிறேன். 1868 முதல் 1875 வரை அரசாங்கமே "பீப்பிள் ஆஃப் இந்தியா" என்று எட்டுத் தொகுதி போட்டது. அதிலும் சாதாரண மனிதர்கள்தான். ஆனால் முகத்துக்குக் கீழே பெரும்பாலும் ஆளின் பெயர் இருக்காது, இனத்தின் பெயர் இருக்கும். எடுக்கச் சொன்னவர் வேறு, எடுக்கப்பட்டவர் வேறு. அந்த முகங்களில் பலவும் எப்போது முடியும் என்று காத்திருக்கும் முகங்கள்.

ஸ்டூடியோவுக்கு வந்தவர் காசு கொடுத்து வந்தவர். எப்படித் தெரிய வேண்டும் என்று அவரே தீர்மானித்தார். கோட்டு ஸ்டூடியோவுடையது. சீப்பு, பவுடர், கண்ணாடி, டை எல்லாம் அங்கேயே இருக்கும். உங்கள் படத்தில் கோட்டின் கை விரல் முட்டிவரை இறங்கியிருக்கிறதா என்று பாருங்கள். ரேடியோவும் டெலிபோனும் மேஜையில் இருக்கும், வயர் எங்கேயும் போகாது. சுவர்க் கடிகாரத்தை வைத்து எத்தனை மணிக்கு எடுத்தது என்று கண்டுபிடிக்கப் போகாதீர்கள், பல ஸ்டூடியோவில் அது அட்டை.

இது ஒரு பக்கம். மறு பக்கம், அவர் தீர்மானிக்காதவை: பாய், வாளி, திரைச் சுருக்கம், அசைந்துவிட்ட குழந்தை. மாளிகைப் படிக்கட்டில் நிற்பவர்களின் காலடியில் கோரைப்பாய். ஆசைப்பட்டதும் இருப்பதும் ஒரே அட்டையில் விழுந்துவிட்டன. முகங்களை மட்டும் வெட்டி எடுத்தால் யாரோ மூன்று பேர். பாயோடு பார்த்தால் அன்று காலை கிளம்பி வந்த மூன்று பேர்.

16. இருட்டறை

குழந்தை கலங்கியதற்குக் காரணம் சொல்லிவிடுகிறேன். மேலே கண்ணாடிக் கூரை அல்லது பக்கத்தில் பெரிய ஜன்னல், அந்த வெளிச்சத்தில் ஒரு வினாடியாவது ரப்பர் பல்பை அமுக்கிப் பிடிக்க வேண்டும். பெரியவர்களை "கையை முட்டியில் வை, விரலை விரி, மூச்சைப் பிடி" என்று சொல்லி நிறுத்தலாம். பழைய படத்தில் எல்லாரும் விறைப்பாக இருப்பதும், விரல்கள் முட்டியில் விசிறியாக விரிந்திருப்பதும் அதனால்தான். மோதிரமும் அப்படியே தெரிந்துவிடும், அது வேறு விஷயம். சிரித்தால் உதடு ஆடும், அதனால் சிரிக்காதே என்பார்கள். இவற்றையெல்லாம் பார்த்து "அக்காலத்து மக்கள் இறுக்கமானவர்கள்" என்று எழுதுவது வேடிக்கை.

17. கொண்டல்

கூடவே பாருங்கள்: பூச்சடைப் படத்தில் பெண்ணுக்குப் பின்னால் ஆளுயரக் கண்ணாடி வைப்பார்கள், முகமும் சடையும் ஒரே படத்தில் வர வேண்டும் என்று. அந்தக் கண்ணாடியின் ஓரத்தை 600 டிபிஐயில் பெரிதாக்கினால் சில சமயம் கேமராவும், அதன் கறுப்புத் துணியும், பக்கத்தில் நிற்கும் தாய்மாமன் தோளும் கிடைக்கும். சடங்குப் படங்களைப் பொதுவில் போடுமுன் மட்டும் யோசியுங்கள். அந்தப் பெண் இன்று எங்கோ பாட்டியாக இருக்கலாம், யாரும் அவரைக் கேட்கவில்லை.

18. காகிதப்பூச்சி

ஒட்டுவேலைப் படங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இறந்தவருக்குத் தனிப்படம் இல்லையென்றால் குரூப் போட்டோவிலிருந்து தலையை எடுத்து, வேறு உடம்பில் வைத்து, பெரிதாக்கிக் கொடுப்பார்கள். கண்டுபிடிப்பது சுலபம்: கோட்டு தெளிவாக இருக்கும், முகம் மங்கலாக இருக்கும். முகத்தில் வெளிச்சம் இடப்பக்கம், உடம்பில் வலப்பக்கம். காதோரம் தூரிகையால் தீட்டிய மெல்லிய வரம்பு. போலி என்று தூக்கிப் போடாதீர்கள். ஒரு வீட்டில் அந்த மனிதருக்கு இருந்த ஒரே முகம் அதுவாக இருக்கலாம்.

தமிழ்நாட்டு ஸ்டூடியோ படங்களைத் தொகுத்துப் பார்க்க விரும்புபவர்களுக்கு, புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தை ஒட்டி நடந்த பணியில் ஸ்கேன் செய்தவை பிரிட்டிஷ் நூலகத்தின் அழியும் ஆவணங்கள் திட்டத்தின் வழியாக இணையத்தில் கிடைக்கின்றன. பின்திரைகளை ஒப்பிட அது நல்ல இடம். ஒரே ஓவியத்திரை இரண்டு படத்தில் கிடைத்தால், ஒன்றில் ஸ்டூடியோ பெயர் இருந்தால் போதும். திரையின் கிழிசல், தைத்த இடம், பெயிண்ட் உதிர்ந்த புள்ளி இவற்றை ஒப்பிடுங்கள். ஓவியத்தை மட்டும் ஒப்பிட்டால் ஏமாறலாம், ஒரே ஓவியர் பல ஸ்டூடியோவுக்கு வரைந்திருப்பார்.

19. ஒத்தக்கண்

வாளி விஷயத்தில் ஒத்துக்கொள்கிறேன். கலர் விஷயத்தில் இல்லை.

20. பரண்பெட்டி

ஃபிரேமின் மரத்தைக் கழற்றி, கண்ணாடியோடு சிசிடி ஸ்கேனரில் எடுத்தாயிற்று. மரச்சட்டம் நாலு பக்கமும் சுமார் 6 மி.மீ. மறைத்திருக்கிறது. இடது ஓரத்தில் மறைந்திருந்த பகுதியில் திரையின் விளிம்பு முடிகிறது. அதைப் பிடித்தபடி நாலு விரல். சின்னக் கை. மணிக்கட்டில் ஒரு வளையல். கோட்டுக்கை விரல் முட்டி வரைக்கும் இறங்கித்தான் இருக்கிறது.

21. கொண்டல்

குழந்தை எந்தப் பக்கம் பார்க்கிறது?

22. பரண்பெட்டி

கலங்கியிருந்தாலும் தெரிகிறது. அந்தக் கையின் பக்கம்.

23. மாசிவீதி

அக்காவாக இருக்கலாம், ஸ்டூடியோ வீட்டுப் பிள்ளையாக இருக்கலாம். எழுதும்போது "திரையோரம் ஒரு சின்னக் கை" என்று மட்டும் எழுதுங்கள். வளையலை வைத்துச் சிறுமி என்பதுகூட ஊகம்தான், சிறுவர்களுக்கும் போட்டார்கள். அட்டையின் பின்னால் மென்மையான பென்சிலால், படத்துக்கு நேர் பின்னால் அல்லாமல் ஓரத்தில். பால்பாயின்ட் அழுத்தம் முன்பக்கம் தெரியும்.

24. காகிதப்பூச்சி

அந்த விரல்கள் மறுபடி சட்டத்துக்குள் போகக்கூடாது. மாட்டப்போவது காப்பிதான் என்பதால் இப்படிச் சொல்லிச் செய்யுங்கள். ஹாஃப் பிளேட் 4¾×6½ இஞ்ச், அதாவது 121×165 மி.மீ. காப்பியைச் சுற்றி வெள்ளை ஓரம் விட்டு அச்சடித்து, ஜன்னல் அட்டையின் வெட்டு 127×171 மி.மீ. இருக்கட்டும், சுற்றிலும் 3 மி.மீ. வெளியே தெரியும், படத்தின் எந்த ஓரமும் மறையாது. ஜன்னல் அட்டை தடிமன் 2 மி.மீ.க்குக் குறையாமல் இருந்தால் கண்ணாடி படத்தைத் தொடாது. ஃபிரேம் கடைக்காரர் "ஓரத்தைக் கொஞ்சம் டிரிம் பண்ணிக்கலாமா" என்று கேட்பார். பண்ண வேண்டாம் என்று ரசீதிலேயே எழுதி வாங்குங்கள்.

ஒரிஜினலும் கண்ணாடியும் சேர்ந்த பொருளுக்கு ஆழமான அட்டைப்பெட்டி, அமிலமில்லாத காகிதம், படுத்தவாக்கில், படம் கீழ்நோக்கி வேண்டாம். வெளிச்சுவரை ஒட்டிய பீரோ வேண்டாம், மழைக்கு அது ஊறும். ஆரஞ்சு சிலிக்கா ஜெல் வைத்தால் பச்சையாக மாறியதும் எடுத்து ஓவனில் 120 டிகிரியில் இரண்டு மணி நேரம் வாட்டித் திரும்ப வையுங்கள். மாற்ற மறந்தால் வைக்காததற்குச் சமம். பாச்சை உருண்டை படத்தோடு ஒரே பெட்டியில் கூடாது.

25. பரண்பெட்டி

ரசீதில் எழுதி வாங்கியாயிற்று. வாளியும் இருக்கிறது.